கொசுறு

செவ்வாய்க்கிழமை. பிரஸ்ஸல்ஸில் மழை.
கோப்பறை மேசையில் ஏழு மடிக்கணினிகள்,
ஏழு ஊர்களில் ரொக்கம் கொடுத்து வாங்கியவை,
ரசீது உண்டு.
போர்த்தோ, கால்வே, லூப்ளின்…
உறை பிரித்து ஒவ்வொன்றாய் உயிரூட்டுகிறேன்.

ஒரு திரை வரவேண்டும்.
பன்னிரண்டு உலாவிகளைக் கலைத்துப் போட்டு
உங்களுக்கு எது வேண்டும் என்று
ஒரே ஒருமுறை கேட்கவேண்டும்.
அந்த ஒரு கேள்விக்காகத்தான்
ஒன்பது வருட வழக்கு,
நாற்பதாயிரம் பக்கம்,
எனக்கு முன் இந்த நாற்காலியிலிருந்த கெய்ர்ட்டின்
இரண்டாவது பைபாஸ்.

வரவில்லை.

போர்த்தோ கணினி நேரே
நிறுவனத்தின் உலாவிக்குள் போய்
வானிலை சொன்னது.
பிரஸ்ஸல்ஸில் நல்ல வெயிலாம்.

எதிர்மேசை மாட்டேய், ஸ்லோவீனியர், சட்டம் பார்ப்பவர்,
தலை நிமிராமல் கேட்டார்:
எவ்வளவு நாளாய்?
தோண்டிப் பார்த்தேன். பதினொரு மாதம்.
எத்தனை புகார்?

இல்லாத கதவை
யார் வந்து தட்டுவார்கள் மாட்டேய்.

விசாரணையன்று அவர்கள் வழக்கறிஞர்
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இலவசமாய்க் கொடுத்ததற்கா தண்டனை?"
அவ்வளவு மென்மையாக.
என்னிடம் பதில் இருந்தது, பிரிவு எண்ணோடு.
இப்போது வேறு மாதிரிச் சொல்வேன்.

செயின்ட் கத்ரீன் சதுக்கத்தில் மீன் விற்கும் ஒதெத்
அரைக் கிலோ மத்திக்கு ஒரு பிடி பார்ஸ்லி போடுவாள்.
கொசுறு.
வேண்டாமென்றால் எடுத்துவிடுவாள்.
பக்கத்துக் கடைக் கீரைக்காரர் முறைப்பார், அவ்வளவுதான்.
ஆனால் ஊருக்கே மீன்கடை அது ஒன்றுதான் என்றால்?
பார்ஸ்லி மீனின் முள்ளிலேயே வேர்விட்டிருந்து,
பிடுங்கினால் மீன் கெடும் என்று
பொட்டலத்தில் எழுதியிருந்தால்?
கீரைக்காரர் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு
வாடாத பார்ஸ்லிதான் தரவேண்டுமென்று
ஒதெத்துக்கு என்ன தலையெழுத்து?

மாலை நான்கு மணிக்குப் பதில் வந்தது.
தொழில்நுட்பப் பிழை. வருந்துகிறோம்.
நம்புகிறாயா என்றார் மாட்டேய்.

நம்புகிறேன்.
எங்கோ ஒருவர், பின்னிரவில்,
புதுப்பிப்பில் ஒரு வரியை விட்டுவிட்டார்.
அங்கேயும் யாரும் தேடவில்லை.
சதியென்றால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இரவு, ஸ்கார்பேக், என் சமையலறை.
ஒதெத்தின் மத்தி வாணலியில்.
அபராதக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாமென்று
என் சொந்தக் கணினியைத் திறக்கிறேன்.
விற்றுமுதலில் எத்தனை சதவீதம்,
எத்தனை மாதம், எத்தனை கோடிப் பேருக்குக்
கேட்கப்படாத கேள்வி.

உலாவி திறக்கிறது.
எந்த உலாவி?
இதை வாங்கி மூன்று வருடம்.
அந்தத் திரை எனக்கு வந்தது, நினைவிருக்கிறது,
ஆண்ட்வெர்ப் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று
முதலில் இருந்ததை அமுக்கினேன்.

குனிந்து அந்தச் சின்னப் படத்தைப் பார்க்கிறேன்.

மீன் தீய்கிறது.