நடுவில் ஒரு வரி

மாசம் மூவாயிரத்து ஐநூறு.
கொப்பியில் அந்த வரியை மூன்று தரம் வெட்டி
நாலாம் தரம் திரும்ப எழுதினேன்.
அந்த இடத்தில் தாள் நைந்துபோயிருக்கிறது.

மேலே இருப்பவை:
தம்பியைப் போலந்துக்கு அனுப்பவென்று எடுத்த லோன்
(நீர்கொழும்பு லொட்ஜில் ஐந்து மாசம் கிடந்துவிட்டு
வவுனியா பஸ்ஸில் திரும்பி வந்தான்),
அந்த லோனைக் கட்ட எடுத்த குழு லோன்,
ஈட்டில் இருக்கும் என் இரண்டு காப்பு,
காப்பின் வட்டி,
மீட்கிற திகதி என்று நானே எழுதி
நானே நம்பாத ஒரு திகதி.

கீழே அரிசி, காஸ், கரண்ட்,
அம்மாவின் பிரஷர்க் குளிசை.

நடுவில் ஜிம்.
செத்த வீட்டுக்குச் சரிகைச் சீலையோடு
வந்து நிற்பவளைப் போல.

“கடன்காரிக்கு என்னத்துக்கு ஜிம்?”
ஒருத்தரும் இன்னும் கேட்கவில்லை.
நான்தான் கேட்கிறேன், அவர்களுடைய குரலில்,
கூடுதலாக மாமியின் குரலில்.

விடிய ஐந்தரை. பலாலி வீதி,
திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட
பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
ஆறே முக்கால் வரை பெண்களுக்கு.
தின்னர் மணம், றப்பர் மணம்,
யாரோ முழங்காலுக்குப் பூசி வந்த தைல மணம்.
கம்பஸ் பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துப் படம் எடுப்பார்கள்.
நான் கண்ணாடிக்கு முதுகு காட்டி
நாற்பது கிலோ தூக்குவேன்.
பத்து மாசத்துக்கு முன் வெறும் கம்பி.

கடனும் பாரம்தானே என்று
எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை.
இரும்பு தன் எடையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது.
நேற்று இருபதென்றால் இன்றும் இருபது.
நான் நித்திரையாய் இருக்கும்போது கூடுவதில்லை.
எட்டுத் தரம் தூக்கினால்
“வையுங்கோ அக்கா, காணும்” என்று சொல்ல
சம்பளத்துக்கு ஒருத்தி நிற்கிறாள்.
வேறெங்கே எனக்குச் சொல்கிறார்கள்,
காணும் என்று?

ஆஸ்பத்திரி வீதி லாப்பில் எனக்கு வேலை.
நாள் முழுக்க மற்றவர்களின் சீனியும் கொழுப்பும்.
போன மாசம் என் ரிப்போட்டை நானே அடித்தேன்.
சீனி இறங்கியிருந்தது.
அதைக் கொப்பியில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?
வரவா?

இந்தப் புதன்,
காசோடு முதலாளியின் மேசைக்கு முன்னால் நிற்கிறேன்.
நிற்பாட்டுகிறேன் என்று சொல்ல ஒரு வசனம் வாயில்,
தொடருகிறேன் என்று சொல்ல மூவாயிரத்து ஐநூறு கையில்.
படியால் ஏறி வந்தது
லோன் கொம்பனித் தம்பி யதுகுலன்.
புதன்தோறும் பின்னேரம் எங்கள் படலையில்
ஹோனை இரண்டு தரம் அடிக்கிறவன்.
அரைக் காற்சட்டையில், முழங்கால் தெரிய.
என்னைக் கண்டதும் அவனுக்குப் பெயர் வரவில்லை,
கணக்கு இலக்கம்தான் வந்திருக்கும்.
நான் காசைப் பொத்திக்கொண்டேன்.

முதலாளி பதிவுக் கொப்பியைப் புரட்டினார்.
“தம்பி, உமக்கு ரண்டு மாசம் நிக்குது.”

அவன் சுவரைப் பார்த்தான்.
நானும் அதே சுவரை.
அங்கே புரோட்டீன் மா விளம்பரத்தில்
ஒருத்தன் சட்டையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

“வாற மாசம் அண்ண” என்றான்.
வாற-வை நீட்டி, அண்ண-வை விழுங்கி.
எங்கள் படலையில்தான் பழகியிருப்பான்.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
பொத்தியதில் பாதியை எண்ணி வைத்தேன்.
“மிச்சம் இருபதாம் திகதி.
அடுத்த மாசம்... பாப்பம்.”
முதலாளி பென்சிலால் எழுதினார்.

கீழே, பெயின்ற் கடை ஒழுங்கையில்
என் சைக்கிளை மறித்து அவனுடைய ஸ்கூட்டி,
கொம்பனி ஸ்ரிக்கரோடு, ஹாண்டில் பூட்டியபடி.
மேலே போய்க் கூப்பிடலாம்.
கால்களை அகட்டி நின்றேன்,
முதுகை நேராக்கி, மூச்சை வயிற்றில் பிடித்து,
பின்பக்கத்தைத் தூக்கி
ஒரு முழம் அங்கால் வைத்தேன்.
வைத்த இடத்தில் நின்றது.

பின்னேரம் வரும்.