யாரு? இன்னா?

புகார்: "மின்கம்பத்தில் செடி."
வியாசர்பாடி, நான்காவது குறுக்குத் தெரு.
ஏணியை இறக்கும்போதே டில்லிபாபு சொன்னான்
செடி இல்லண்ணே, கொடி.
கிட்டப்போய்ப் பார்த்தேன்.
இரண்டுமாக இருந்தது.

இடுப்பளவுக்குப் புதர்.
கட்டைவிரல் தடிமனில் தன் காலில் நிற்கிற தண்டு,
யாரிடமும் எதையும் கேட்காதது போல.
அதற்கு மேலேதான்
இழுவைக் கம்பியில் தொற்றி
கேபிள்காரன் விட்டுப்போன ஒயர்ச் சுருளில் நுழைந்து
கம்பத்தின் தோளுக்கு ஏறி
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குத்துச்செடின்னுதான் சார் வித்தான்,
மூலக்கடை தள்ளுவண்டியில, நாப்பது ரூபா.
ரெண்டு வருஷம் ஒழுங்காத்தான் இருந்துச்சு"
என்றாள் ஜான்சிராணி,
பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோல.
பேர் ரங்கூன் மல்லி.
அவள் அப்பா ரங்கூனில் பிறந்தவர்.
இப்படி ஒன்றை அங்கே பார்த்ததே இல்லையென்று
கடைசிவரை சாதித்தாராம்.

மல்லியும் இல்லை இது.
மருதமும் கடுக்காயும்தான் பங்காளிகள்.
கம்பம் ஏற வருமுன்
மூன்று வருடம் தாவரவியல் படித்தேன்,
அதில் மிஞ்சியது இவ்வளவு:
இளசில் புதர், முதிர்ந்தால் கொடி.
பேர் வைக்க வந்தவர்கள் குழம்பிப்போய்
கேள்வியையே லத்தீனில் பேராக எழுதிவிட்டார்கள்.
குவிஸ்குவாலிஸ்.
பரீட்சையில் இரண்டு மார்க்.
இந்தத் தெருப் பேச்சில் சொன்னால்
யாரு? இன்னா?

டில்லிபாபு சிரித்தான்.
ராத்திரி ரோந்து ஜீப்பு
நம்மளக் கேக்குறதுண்ணே அது.

பதினொன்றுக்கு மின்சாரத்தை நிறுத்தினோம்.
மின்விசிறிகள் நின்றதும் தெரு வெளியே வந்தது.
மாவு பாதிதான் ஓடியிருக்கு, சீக்கிரம்.
முதல் பிடியிலேயே கையுறை கிழிந்தது.
முள் என்று சொல்வது தப்பு.
இலை உதிர்கையில் காம்பு முழுசாக விழுவதில்லை.
அடி மட்டும் தங்கும்,
காயும், வளையும், இறுகிக் கொக்கியாகும்.
சுருள்கம்பி கிடையாது,
ஒட்டிக்கொள்ள வேர் கிடையாது,
உதிர்ந்ததில் உதிராத துண்டை வைத்துத்தான்
இவ்வளவு உயரம்.
எதிரெதிராக இரண்டு இலை இருந்த இடம்
என் மணிக்கட்டில்
எதிரெதிராக இரண்டு கீறல் போட்டது.

அறுக்க அறுக்கக் கொத்துக் கொத்தாக விழுந்தன.
முந்தாநாள் பூ குங்குமச் சிவப்பு,
நேற்றையது ரோஸ்,
இன்று சாயங்காலத்துக்கானவை
வாய் திறக்காத மொட்டு.
தேதி கிழிக்க மறந்த காலண்டர்.
ஜான்சிராணி ஒன்றும் சொல்லவில்லை.
தொடப்பத்தை மட்டும் எடுத்துவந்தாள்.

இடுப்புக்குக் கீழே விட்டுவிட்டேன்.
புகார் கம்பத்தைப் பற்றியது,
புதரைப் பற்றி இல்லை.
படிவத்தில் மூன்றே கட்டம்:
மரக்கிளை, பட்டம், பறவைக்கூடு.
கொடிக்குக் கட்டம் இல்லை.
மரக்கிளையில் டிக் அடித்து
கையெழுத்துப் போட்டேன்.

இரவு ஒன்பதுக்கு அதே தெரு முனையில்
ஃபியூஸ் போயிருந்தது.
மணலிப் பக்கக் காற்றில் வழக்கமான கந்தக வாடை.
அதைப் பிளந்துகொண்டு வேறொன்று.
டார்ச்சைத் திருப்பினேன்.
குப்பைத்தொட்டிக்கு வெளியே தொங்கிய கொடியில்
அந்த மொட்டுகள் எல்லாம் திறந்திருந்தன,
வெள்ளையாக.
வெட்டினது அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போல.
நடுவிரல் நீளத்துக்குக் குழல்.
தேனீக்கு எட்டாது.
எட்டுகிற ஒன்று வந்திருந்தது,
அந்துப்பூச்சி,
எங்கும் உட்காராமல் அந்தரத்தில் நின்று
நாக்கை இறக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

டில்லிபாபு கேட்டான்,
இது நாளைக்கு செவக்குமாண்ணே?
அறுத்த கொடியில் பூ நிறம் மாறுமா மாறாதா,
பாடத்தில் இருந்ததாக ஞாபகம் இல்லை.
கொடுங்கையூர் லாரி
ஐந்து மணிக்கு வரும்.