சாம்பல் கட்டி

ஹட்டனில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில்
ரிஸ்மிக்கு இரண்டு மேசை.
ஒன்று யன்னல் பக்கம் சரியும்.
மற்றதன் வயிற்றுக்கடியில் மூன்று குண்டு பல்ப்
இரவும் பகலும் எரியும்,
குஞ்சு பொரிக்க வைத்ததுபோல்.
இல்லாவிட்டால் துணி ஈரம் குடித்து
பந்து பாதி வழியில் யோசிக்கத் தொடங்கிவிடும்.

ஆடியில் இங்கே சுவருக்கும் வியர்க்கும்.
தீப்பெட்டி செத்துப்போகும்.
சோக்குக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?

எனக்கு வேலை ஆலையில், வாட்டும் தட்டில்.
ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கி
விரலைத் திறப்பேன்.
உருண்டை உடனே அவிழ்ந்தால் இன்னும் பச்சை.
அவிழவே இல்லையென்றால் கைமீறிவிட்டது.
மெல்ல, மனமில்லாமல் அவிழ வேண்டும்.
இந்த ஒரு படிப்போடுதான்
சோக் வாங்கப் போனேன்.

முதலில் நீலம்.
புறக்கோட்டையில் டசின் கணக்கில் கிடைப்பது.
சட்டைப் பையில் குடியேறினால்
சவர்க்காரத்துக்கும் அசையாது.
மழை நாளில் களியாகி டிப்பில் அப்பும்.
வெயில் நாளில், அது வரும்போது,
பொலபொலவென்று கொட்டும்.
கொட்டிய தூள் இரண்டு பந்துக்கு நடுவே மாட்டினால்
சிவப்பு ஒரு துள்ளுத் துள்ளி
சொன்ன இடத்தைத் தவிர எங்கும் போகும்.

அப்போது என் டிப்பும் கல்.
எதைப் பூசினாலும் சேம்பிலைத் தண்ணீர்.
குற்றம் சோக்கில் என்று ஒரு வருடம் திட்டினேன்.
பிறகு அரத்தால் உரசி மயிர் எழுப்பினேன்.
அதுவும் போதாமல்
அடுக்குத் தோல் வாங்கி ஒட்டினேன், நடுத்தரம்,
நகத்தால் அழுத்தினால்
"ம்" என்று மட்டும் சொல்லும்.

அதற்குப் பச்சைக் கட்டி பிடித்தது.
கண்மை போல ஓரத்தையும் சேர்த்து இழுத்தால்
மூன்று அடிக்குத் தாங்கும்.
அரிசி போட்ட பால்மா டின்னில் வைத்தேன்.
ஒரே குறை:
தொட்ட இடமெல்லாம்
வெள்ளைக்குப் பொட்டு வைத்துவிடும்.

அந்தக் குறை தீர
டோகாவிலிருந்து மச்சான் யோகராசா கொண்டுவந்தான்,
சாம்பல் நிறம், காந்தம் வைத்த டப்பாவில்.
விலை மூன்று முழுப் பேர்.
பூசியது தெரியாது, அடித்ததும் தெரியாது.
வெள்ளை எந்நேரமும் குளித்து வந்த மாதிரி.
சோக்கென்றால் இதுதான் சோக்கு என்று
ரிஸ்மியே வாங்கி முகர்ந்து பார்த்தான்.

ஞாயிறு, கடைசி ஆட்டம்.
கொட்டகலை பிரசங்கவுக்கு நான்கு புள்ளி கூட.
மேசையில் கறுப்பு மட்டும்.
குனிந்தேன். கோல் முன்னும் பின்னும்,
முன்னும் பின்னும்.
தகரத்தில் மழை.
மூன்றாவது முன்னில் டிப் வெள்ளையில் பட்டது.
பட்டது, அவ்வளவுதான்.
உறங்குகிறவன் இமையில் ஈ உட்கார்ந்த அளவு.

சொன்னால் ஏழு புள்ளியும் ஆட்டமும் அவனுக்கு.
பச்சைக் கட்டி என்றால்
கன்னத்திலேயே எழுதியிருக்கும்.
பார்த்தேன்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
அடித்தேன்.
கறுப்பு எதுவும் கேட்காமல் குழிக்குள் போனது.

"நியமை மச்சங்" என்று
பிரசங்க என் கையைப் பிடித்தான்.
அவன் விரல்களில் நீலம்.

எட்டாயிரம் ரூபாய்.
பஸ்ஸில் இரண்டு தரம் எண்ணினேன், சரியாக இருந்தது.
நிறுவையில் கொழுந்து குறைந்தால்
மலையில் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார்.
அன்றிரவு செக்ரோலை
நானே விரித்து நானே எழுதினேன்.

போன கிழமை பிரசங்க கேட்டான்,
அந்தச் சாம்பல் கட்டி எங்கே வாங்கலாம் என்று.
டப்பாவோடு கையில் வைத்தேன்.
காசை நீட்டினான். வேண்டாம் என்றேன்.
ஏன், என்ன பிழை இதில்?
என் டிப்புக்குச் சரிவரவில்லை என்றேன்.

அவன் பூசிக்கொண்டு குனிந்தான்.
நான் கதிரையில் இருந்தபடி
இமைக்காமல்
வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.