எச்ச மதிப்பு

காலை ஏழரை.
உருக்காலைக் குடியிருப்பின் இரண்டாம் வாயிலில்
காவலர் என் அளவுநாடாவைத்தான் முதலில் பார்த்தார்.
இடிக்கவா, விற்கவா?
மதிப்பிட, என்றேன்.
"மூணும் ஒண்ணுதான் மேடம்"
பதிவேட்டை நீட்டினார். பேனா எழுதவில்லை.

உள்ளே தெருக்கள்
கணக்கு நோட்டின் கட்டங்கள்.
பி வகை வீடு நாற்பத்தெட்டு.
ஒரே சன்னல், ஒரே சிவப்புத் தரை,
எல்லாச் சமையலறையிலும் ஒரே மூலையில்
அம்மிக்கென்று விட்ட மேடை.
தில்லியில் உட்கார்ந்து வரைந்தவனுக்கு
அம்மியைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்?

மாடிப்படியின் கான்கிரீட் சல்லடைச் சுவரில்
கஞ்சமலை எண்பத்தொரு துண்டாகத் தெரிந்தது.
எண்ணினேன்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சமூகக்கூடத்து முகப்பில்
ஓட்டுச் சில்லால் பதித்த தொழிலாளி
பல்சக்கரத்தை இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறான்.
கண் இருந்த இடத்தில் பசை மட்டும்.
அவன் கால் பெருவிரலில்
யாரோ கொடிக்கயிறு கட்டி
ஒரு பள்ளிச் சீருடையைக் காயப்போட்டிருந்தார்கள்.

பி-31இல் ஆள் இருந்தது.
சுலோசனா பட்நாயக்.
ரூர்கேலாவிலிருந்து முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்.
"உள்ள வா கண்ணு, செருப்போடவே வா."
மாவு டின்னை நகர்த்தினார்.
பின்னால், வடக்குச் சுவரில்,
இரண்டு செங்கல் அளவுக்கு ஓட்டை.
அந்தப் பக்கம் குரியாக்கோஸ் வீட்டு அடுப்படி;
விருப்ப ஓய்வு வாங்கிக் கோட்டயம் போய்
ஒன்பது வருஷம்.

மீன்குழம்பு இந்தப் பக்கம் வரும்,
பருப்பும் கீரையும் அந்தப் பக்கம் போகும்,
ராத்திரி ஷிப்ட் என்றால்
குழந்தை அழுகிற சத்தமும்.
"செங்கல் ரெண்டையும் வெச்சிருக்கேன்"
பரணிலிருந்து செய்தித்தாள் பொட்டலம்.
"ஆபீஸ்ல கேட்டா திருப்பிக் கட்டணும்ல."

படிவத்தில் இதற்கு ஒரு வரி உண்டு:
அனுமதியற்ற மாற்றம். சுவர்ச் சேதம். கழிவு.
எழுதாமல் எழுந்தேன்.

மதியத்துக்கு மேல் வேலையில்லை.
ஓட்டுநர் பழனியாண்டி
சங்ககிரிக் கோட்டையில் மியூசியம் இருக்கிறது என்றார்.
ஏறினோம். வாசலுக்கு மேல் வாசல்,
ஐந்தாவதில் என் மூச்சு நின்று வந்தது.
அவர் சொன்ன மியூசியம்
பூட்டின ஒரு கதவு.
இடுக்கு வழியாக
துடைப்பம், மிதிவண்டி, உருண்டையாக ஏதோ நான்கு.
பீரங்கிக் குண்டாக இருக்கலாம்.
இருட்டில் எல்லாம் குண்டுதான்.

நீலப் பலகை சொல்கிறது:
பாதுகாக்கப்பட்ட சின்னம்.
சேதப்படுத்தினால் தண்டனை.
அதன் கீழேயே
சரண்யா பெயரையும் டேவிட் பெயரையும்
ஆணியால் ஆழமாக யாரோ.

பழக்கதோஷம், தேய்மானம் போட்டுப் பார்த்தேன்.
கட்டடத்துக்கு ஆயுள் அறுபது என்று வாய்பாடு.
கழித்துக்கொண்டே போனால்
கோட்டை எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.
பழனியாண்டி சிரிக்கவில்லை.
"அப்ப அந்தக் குவார்ட்டர்ஸுக்கு?"
"இன்னும் கொஞ்சம் மிச்சம். எச்ச மதிப்பு."

எச்சம்.
குரங்கு போட்டதும் அதுதான், படியெல்லாம்.
வந்து, வாங்கி, கொடுத்து
என்று பள்ளியில் எழுதினோமே, அதுவும்;
முடிக்கிற சொல்லுக்குக் காத்து நிற்பது.

மேல் மதிலில் துப்பாக்கிக்கு விட்ட துளை.
இரண்டு செங்கல் அளவு.
கையை நுழைத்தேன்.
அந்தப் பக்கம் காற்றும்
சிமெண்ட் ஆலைப் புழுதியும் மட்டும்.
யாரும் ஒரு கிண்ணமும் நீட்டவில்லை.

இறங்கி, டீக்கடை பெஞ்சில்
படிவத்தைப் பிரித்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.

பி-31. சமையலறை. வடக்குச் சுவர்.
சன்னல் ஒன்று,
ஒன்பதுக்கு ஆறு அங்குலம்.
நிலை: நன்று.