வெருலம் கோர்ட்டில் ஒரு வினைச்சொல்

குற்றத்தின் பெயரை
'ஓடிப்போனது' என்றுதான் தமிழில் சொன்னேன்.
கூண்டிலிருந்து பாவாயி கேட்டாள்:
"யாரோடங்க?"
தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.
தெரியாத துரை மேசையைத் தட்டினார்.

மூன்றாம் நம்பர்த் தோட்டத்திலிருந்து
அனுமதிச் சீட்டில்லாமல் விடிகாலை கிளம்பி,
உம்லோட்டி ஆற்றை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்து,
கூலி வரவில்லை என்று சொல்ல
வெருலம்வரை நடந்து வந்தவள்.
சொல்ல வந்தவளா, ஓடி வந்தவளா?
திரும்பிப் போக இவள் இன்டெண்ட் பண்ணினாளா,
கேள், சவரிநாதன், என்றார் துரை.

கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

திரும்பிப் போக நினைத்தாயா?
"நினைச்சது நடந்தா
நான் ஏங்க கப்பலேறுறேன்?"

எண்ணினாயா?
"எண்ணினேன்.
பதினோரு நாள் பிடிச்சிருக்கான்."
பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.
பதினொன்றுக்கு
என் பேனாவைக் காட்டினாள்.

'கருதினாயா' என்பது
பாதிரியார் பள்ளியோடு நின்றுவிட்ட சொல்.
'நோக்கம்' என்றால் கண்ணைத் தேடுவாள்.
'குறி' என்ன என்று
ஒரு பெண்பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

மிச்சமிருந்தது உத்தேசம்.
கோர்ட்டுக்கென்றே பிறந்த சொல், கஞ்சி போட்ட காலர் மாதிரி.
திரும்பிப் போக உத்தேசம் உண்டா?
"உத்தேசமா அஞ்சு மைல் இருக்கும்ங்க.
ஆத்தைச் சுத்திப் போனா ஏழு."

துரையின் பேனா முனையில்
மை காய்ந்துகொண்டிருந்தது.
எங்கள் ஆட்கள் இதை எப்படித்தான் சொல்கிறார்கள்?
போகலாம்னு இருக்கேன்.
கட்டிக்கலாம்னு இருக்கேன்.
கேட்டுடலாம்னு இருந்தேன், கேட்கலை.
அவ்வளவுதான்.
வெறுமே இருக்கிறோம்,
அதற்குள்ளே கிடக்கிறது எல்லாம்.
இதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்.
யாரும் கேட்கச் சொல்லாதது.
கிளம்பும்போது லைனில் யாரிடமாவது சொன்னாயா?
"பக்கத்து ரூம் செங்கேணிகிட்ட."
என்னவென்று?
"போயிட்டு வரேன்னு."

சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
போய்,
போன பின்பு,
வருகிறேன்.
ஓர் எழுத்துகூட நான் கூட்டவில்லை.
துரையின் முகம் தெளிந்தது.
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று
பேனாவை மையில் தோய்த்தார்.

பின்பெஞ்சில் சர்தார் முனிரத்தினம்
பாதி எழுந்துவிட்டான்.
அவனுக்குத் தெரியும்.
சாவு வீட்டில் மட்டும்தான்
நாம் சொல்லிக்கொள்ளாமல் நழுவுவது.
மற்றபடி கடன்காரனும் வரேன் என்கிறான்,
ஜென்மத்துக்கும் வராதவனும்
வரேன் என்றுதான் படியிறங்குகிறான்.
சென்னைத் துறைமுகத்தில் அவனும்
யாரிடமோ சொல்லியிருப்பான்.
நான் சொன்னது பத்தொன்பது வருஷத்துக்கு முன்,
சித்திரை மாதம், மத்தியானம்.

வாயைத் திறந்தான்.
என்னைப் பார்த்தான்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்துவிட்டான்.

ஓடிப்போனதாக ஆகாது. ஜெயில் இல்லை.
சீட்டில்லாமல் வந்ததற்குப் பத்து ஷில்லிங்,
அதையும் கூலியில் பிடித்துக்கொள்ளலாம்.
வராத கூலியிலா என்று
நான் கேட்கவில்லை.
அது வேறு ஃபைல், வேறு துரை, வேறு நாள்.

வெளியே படிக்கட்டில்
ஈரம் காயாத முந்தானையை உதறிச் செருகினாள்.
ஆறு வடக்கே.
தோட்டம் அதற்கும் வடக்கே.
அவள் டர்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஒரு மாட்டுவண்டி போனது.

பிறகு திரும்பி வந்து,
சொல்லிக்கொள்ளாமல் போகக்கூடாதென்று
எனக்கு நேரே கைகூப்பி
"போறேங்க" என்றாள்.

சாப்பாட்டுக்குக் கிளம்பிய துரை
என் பின்னால் நின்று கேட்டார்:
என்ன சொல்கிறாள்?

நன்றி சொல்கிறாள்
என்று பெயர்த்தேன்.