தெரிவிக்கப்பட்டன

மூன்று வருஷத்துக்கு முன்னால்
எர்ணாவூரில் முன்னூற்றுப் பன்னிரண்டு கதவுகளை
நான்தான் தட்டினேன்.
வீட்டுக்கு நாற்பது ரூபாய் கூலி,
தோளில் ஐஸ் பெட்டி,
கழுத்தில் திட்டத்தின் பெயர் போட்ட அட்டை.
அதிலுள்ள படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கும்.

பெரியவர்களுக்கு ஊசி, பிள்ளைகளுக்குக் குழாய்.
ஊது, ஊது, விடாதே, இன்னும் ஊது.
பலூன் எங்கேக்கா என்றான் நாகவல்லி மகன்.
ஆறு நொடி ஊத வேண்டும்.
மூன்றாவதில் இருமல் வந்து
எச்சிலைத் துடைத்துக் குழாயைத் திருப்பித் தந்தான்.
எழுதிக்கொண்டேன்:
117, ஆண், வயது ஒன்பது.

கையெழுத்து வாங்கும்போதெல்லாம்
ஒரே வாக்கியம்தான் சொன்னேன்:
முடிவு வந்ததும் வந்து சொல்றோம்.
படிவத்திலும் இருந்தது, எட்டாவது வரி.
சம்சுநிஷா மட்டும் மை தொட்ட விரலை
அந்தரத்தில் நிறுத்தி
யாரு வந்து சொல்லுவாங்க என்றாள்.
நான்தான்.
அன்றைக்கு அது பொய்யில்லை.

திட்டம் முடிந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறேன்.
இன்ஹேலர் வாங்க வருகிறவர்கள்
சில்லறை எண்ணும்போது கேட்கிறார்கள்:
எங்க ரத்தம் இன்னா ஆச்சி, ஜெசிந்தா?
வித்துட்டீங்களா?
சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள்.

தேரடி ஜெராக்ஸ் கடை இமானுவேல்தான் தேடிப் பிடித்தான்.
ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிழை.
கீழே ஒன்பது பேர் பெயர்.
அதற்கும் கீழே, நிதி: அரசு.
இதுவரைக்கும் இலவசம்.
நாங்கள் கண்டறிந்தது என்று தொடங்கிய வரி
பாதியில் மங்கி
ஒரு பூட்டுப் படத்துக்குள் போய்விட்டது.
முப்பத்தொன்பது டாலர், தொண்ணூற்றைந்து சென்ட்.
அதுவும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு.
இமானுவேல் கால்குலேட்டரைத் தட்டினான்.
எண்பத்துநாலு வீட்டுக் கூலி என்று
நான் மனதுக்குள் போட்டேன்.

டாக்டரின் முகவரியும் இலவசப் பக்கத்திலேயே இருந்தது.
எழுதினேன். பதினோராம் நாள் வந்தது.
படித்துக்கொள்ளுங்கள் ஜெசிந்தா,
வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்,
பத்திரிகைக்காரர்களோடு ஒப்பந்தம்.
நல்ல மனுஷி. களத்தில் என் டிபனில்
பாதி சாப்பிட்டவர்.

பதினோரு பக்கம்.
வரைபடம் கலரில் எடுக்கப் பத்து ரூபாய் தனியாக.
மின் நிலையத்துச் சாம்பல் குட்டை கருஞ்சிவப்பு,
எங்கள் தெரு அதற்கடுத்த சிவப்பு.
117-ஐத் தேடினேன். எங்கேயும் இல்லை.
சராசரிக்குள் போய்விட்டான்.

நாலாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்.
அகராதி வைத்து இரண்டு முறை,
அகராதி இல்லாமல் ஒரு முறை படித்தேன்:
முடிவுகள் பங்கேற்ற குடும்பங்களுக்கு
அவர்கள் மொழியிலேயே தெரிவிக்கப்பட்டன.
இறந்த காலம்.
யாரால் என்று இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு.
தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
ஐஸ் பெட்டி இல்லாத தோள்
ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தது.

முதலில் சம்சுநிஷா வீடு. பூட்டு.
அவங்கள பெரும்பாக்கத்துக்குத் தூக்கிட்டாங்களே,
தெரியாதா என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.
முன்பு போலவே எழுதிக்கொண்டேன்:
பெரும்பாக்கம், இரண்டு பஸ்.

நாகவல்லி வாசலில் குடங்களோடு நின்றிருந்தாள்.
பையன் வளர்ந்திருக்கிறான், மீசை நிழல் கட்டுகிறது.
என்னைப் பார்த்ததும்
சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டான்.
உள்ளே இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும்,
பில் போட்டதே நான்தான்.

அக்கா, முடிவு வந்திருக்கு.
இப்பவா, தண்ணி லாரி நிக்குது பாரு,
நடந்துகிட்டே சொல்லு என்றாள்.
ஒரு குடத்தை நான் வாங்கிக்கொண்டேன்.
வரிசை நீளம். முன்னால் எத்தனையோ பேர்,
அதில் பாதி என் எண்கள்.
குடத்தைக் காலால் தள்ளித் தள்ளி
சத்தமாகவே தொடங்கினேன்,
பாதியில் மங்கிய அந்த வரியிலிருந்து.