ஒன்பதாம் கொட்டில்

நானூற்றுப் பதினேழே,
இருபத்தெட்டாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு
உன்னைத் தாயிடமிருந்து பிரித்தது
என் கைதான்.
தராசில் ஏழு கிலோ இருநூறு.
நீ போட்ட கூச்சலை எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

யூட்லாந்தில் நவம்பர்.
கடல் கண்ணில் படாத தூரத்துக்கும்
உப்பைச் சுமந்துவந்து
ஜன்னலில் பூசும் காற்று.
வில்லட்ஸின் பண்ணையில் பன்னிரண்டு கொட்டில்,
கொட்டிலுக்கு எட்டுப் பேர் நீங்கள்.

முன்பெல்லாம் தீவனத்தில் துத்தநாகம் கலந்தோம்.
வயிற்றுப்போக்கு நின்றது.
நீங்கள் கழித்தது வயலுக்குப் போய்
மண்ணைவிட்டு நகராமல் கிடந்தது.
பிறகு தடை வந்தது.
"சட்டம் போட்டவன் வந்து
என் கொட்டிலைக் கழுவுவானா?"
என்றார் வில்லட்ஸ்.
நான் மூட்டைகளை இறக்கினேன்:
உருளைக்கிழங்குப் புரதம், கடற்பாசித் தூள்,
மூடியைத் திறந்தால் மூக்கைச் சுளிக்கவைக்கும்
புளித்த பிண்ணாக்கு,
ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய சோயாவும் பார்லியும்.

பாலை நம்பிய குடல்
ஒரே இரவில் தானியத்தைக் கண்டால்
உள்சுவரில் விரல்விரலாய் நிற்கும் உறிஞ்சிகள்
அரிவாள் பட்ட புல்லாய்க் குட்டையாகும்.
அந்த ஒரு வாரம்தான் என் தொழில்.
பதினோரு வருடமாய் அதே ஒரு வாரம்.
விருந்துகளில் கேட்பார்கள், என்ன வேலை என்று.
பன்றி விட்டைக்கு மதிப்பெண் போடுகிறேன் என்பேன்.
ஒன்று என்றால் உருண்டை, நான்கு என்றால் தண்ணீர்.
அதற்குமேல் கேட்க யாரும் இருப்பதில்லை.

பத்தாம் நாள்
மூன்று, நான்கு, மூன்று, மூன்று.
ஒன்பதாம் கொட்டிலில் மட்டும்
ஒன்று, ஒன்று, ஒன்று.
உன் கொட்டில்.
பழைய தீவனம் தின்று
தோற்றுக்காட்ட வேண்டிய கொட்டில்.

தராசைச் சோதித்தேன்.
மூட்டையின் சீட்டைச் சோதித்தேன்.
என்னைச் சோதித்தேன்.
பிறகு ஓர் இரவு, சொல்லாமல் வந்தேன்.

வைக்கோலில் சம்மணமிட்டு யாரினா.
மடிக்கு முன்னால் தகரவாளி,
கறுப்பு ரை ரொட்டி ஊறிப் புளித்த
வெதுவெதுப்பான நீர்.
எட்டு மூக்கும் வாளிக்குள்.
"இந்தக் கொட்டிலுக்கு மேலே விளக்கு எரியவில்லை, இங்கலிஸ்.
நடுங்கினார்கள்.
சூடாக ஏதாவது கொடுக்கலாமே என்று."

கத்தினேன்.
என் டேனிஷ் அவளுக்குப் பாதிதான் புரியும்.
மீதிப் பாதி உங்களுக்குப் புரிந்திருக்கும்.
எட்டுப் பேரும் மூலைக்கு ஒதுங்கினீர்கள்,
அவள் பக்கத்து மூலைக்கு.

வீட்டுக்கு ஓட்டிப்போகும்போது
வைப்பர் தேய்த்த கேள்வி:
எது நிறுத்தியது?
புளிப்பா?
சூடா?
இல்லை, ஒரு மணிநேரம்
ஒருத்தி உட்கார்ந்திருந்ததா?
மூன்றையும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டாள்.
பிரிக்க வழியே இல்லை.

குடல் நலமா என்று
பன்றியைக் கேட்க முடியாது.
திறந்துதான் பார்க்க வேண்டும்.
நலம் என்று தெரியவரும்போது
கேள்வி கேட்கப்பட்டவர் இருப்பதில்லை.
பதினான்காம் நாள் மற்றக் கொட்டில்களிலிருந்து
கொட்டிலுக்கு இருவரைத் திறந்தோம்.
கண்ணாடித் தகட்டில் இளஞ்சிவப்புச் சாயம்,
முந்நூற்றுப் பன்னிரண்டு மைக்ரோமீட்டர்,
இருநூற்றுத் தொண்ணூறு,
கண் எரியும்வரை.

ஒன்பதை நீக்கினேன்.
கட்டுரையில் அதற்கு ஒரே வரி:
விதிமுறை மீறலால் ஒரு கொட்டில்
கணக்கில் சேர்க்கப்படவில்லை.
கணக்கில் இல்லாததால்
கத்தியும் உன்னிடம் வரவில்லை.
அதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
ஏப்ரலில் நூற்றுப் பதினான்கு கிலோவாக
நீயே நடந்து லாரியில் ஏறினாய்.
திரும்பிப் பார்த்ததாக வில்லட்ஸ் சொல்கிறார்.
அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்.

உன் உறிஞ்சிகளின் உயரம்
எனக்குத் தெரியாது.
பதினோரு வருடத்தில்
நான் அதிகம் நினைப்பது
அளக்காத அந்த ஒன்றை.

புதிய விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன்.
முதல் பிரிவுக்குப் புளிப்பு மட்டும், ஆறியது.
இரண்டாம் பிரிவுக்கு வெந்நீர் மட்டும்.
மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை,
இரவில் ஒரு மணிநேரம் ஓர் ஆள்.
செலவுப் பட்டியலில் யாரினாவின் கூலி,
அடுத்த வரியில்
முக்காலி, ஒன்று.

குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
மற்றதெல்லாம் சரியாம்.
முக்காலி எதற்கு என்று கேட்கிறார்கள்.